பதினோராவது கட்டம்

பத்தரைக்கு வரச் சொன்னார்கள். பத்து இருபதுக்கே வந்து உட்கார்ந்தாயிற்று. இப்போது பதினொன்று ஐந்து. அப்படியானால் இன்னும் ஐந்து நிமிஷம், இது நாற்பது நிமிஷக் கணக்கு, எனக்குத் தெரியாதா, இதைக் கண்டுபிடித்தவனே நான்தானே. அரை மணி காக்கவைத்தால் எவனும் பொறுத்துக்கொள்வான், ஒரு மணி காக்கவைத்தால் நியாயமாகவே கோபப்படுவான், நாற்பதாவது நிமிஷத்தில்தான் ஆளின் குணம் எட்டிப் பார்க்கும் என்று தொழிற்பேட்டைச் சங்கக் கட்டடத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நானே சொன்னேன். அறுபது கம்பெனியின் ஹெச்.ஆர். ஆட்கள் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்கள். மதியம் பிரிஞ்சி போட்டார்கள், வெங்காயப் பச்சடி நன்றாக இருந்தது. ‘வரவேற்பறையே முதல் நேர்முகம்’ என்று தலைப்பு. எம்.டி. முன்னால் உட்காரும்போது எல்லோரும் உத்தமர்கள்தான், வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது அவன் யார் என்று பாருங்கள், வரவேற்பில் இருக்கிற பெண்ணிடம் ஒரு தாளைக் கொடுத்துக் கட்டம் போடச் சொல்லுங்கள் என்றேன். பதினோரு கட்டம். செக்யூரிட்டியிடம் எப்படிப் பேசினான், ரிஜிஸ்டரில் நேரத்தைச் சரியாக எழுதினானா, கால்மேல் கால் போட்டானா, போனை எத்தனை தடவை எடுத்தான், எத்தனையாவது நிமிஷத்தில் ‘இன்னும் எவ்வளவு நேரமாகும்’ என்று கேட்டான், டீ குடித்த கப்பைத் தானே எழுந்துபோய்ப் போட்டானா. இதோ என் பக்கத்தில் டீ, காகிதக் கப்பில், பாதி குடித்தபடி. குப்பைத் தொட்டி கண்ணில் படவில்லை. வேண்டுமென்றே எங்கேயோ வைத்திருக்கிறார்கள். தேடுகிறானா பார்ப்போம் என்று வைத்திருக்கிறார்கள். நான் தலையைத் திருப்பித் தொட்டியைத் தேடியதும் வரவேற்புப் பெண் நிமிர்ந்து பார்த்தாள், குனிந்து என்னவோ எழுதினாள். நான் கைக்குட்டையை எடுத்தபோதும் எழுதினாள். இருமினேன், எழுதினாள். இருமலுக்கு என் தாளில் கட்டமே கிடையாதே, இவர்களாகச் சேர்த்துக்கொண்டார்களோ என்னவோ. கழுத்தில் தொங்குகிற அட்டையைத் திருப்பிப் போட்டிருக்கிறாள், பெயர் தெரியக் கூடாதாம். பாம்பின் கால் பாம்பறியும் பெண்ணே, எழுது, எழுது.

பதினொன்று பன்னிரண்டு. கூப்பிடவில்லை. நாற்பதையும் தாண்டிவிட்டார்களே, யார் கணக்கை மாற்றியது. என்னிடம் கற்றுக்கொண்டு எனக்கு மேலே போய்விட்டார்களா. கேட்கலாமா? கேட்டால் ஐந்தாவது கட்டம் போயிற்று. கேட்காமலே உட்கார்ந்திருந்தால் ‘ஆர்வமில்லை’ என்று எழுதுவார்கள், அதையும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன், ஐம்பது நிமிஷம் வாயே திறக்காதவன் வேறு இடத்திலும் வேலை பேசி வைத்திருக்கிறான் என்று சொன்னேன். என்ன வாய் எனக்கு. நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா. இருபத்தாறு வருஷம் மனிதவளம், கடைசிப் பதினான்கு வருஷம் மேலாளர், கம்பெனி யந்திரங்களைக் கழற்றி வேறு மாநிலத்துக்கு லாரியில் ஏற்றியபோது வேலை போகிற ஆட்களின் பட்டியலைத் தட்டச்சு செய்து கையெழுத்துப் போட்டது நான், கடைசி வரியில் அம்பலவாணன் என்று என் பெயரையும் போட்டுக்கொண்டேன். எட்டு மாசம் ஆகிறது. இது ஏழாவது இடம். ஆறு இடத்திலும் ‘சொல்லி அனுப்புகிறோம்’ என்றார்கள், அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியாதா, எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். வெள்ளிக்கிழமைக்குள் சொல்லணும் சார் என்று பிரஸ்காரர் நேற்றும் போன் போட்டார். மகள் வந்தனாவின் கல்யாணப் பத்திரிகை. மாப்பிள்ளை வீட்டார் பெயருக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் துணைப் பொறியாளர், மின்வாரியம் என்று அழகாக விழுந்திருக்கிறது. நம் பக்கம் திரு. அம்பலவாணன், திருமதி மீனலோசனி, அதற்குக் கீழே வெள்ளையாக இருக்கிறது. முன்னாள் என்று போடலாமா என்று கேட்டேன். மீனலோசனி குக்கர் மூடியைக் கழுவிக்கொண்டே இருந்தாள். சம்பந்திக்கு இன்னும் தெரியாது. நிச்சயதார்த்தத்தின்போது, உங்க கம்பெனியில் ஆள் எடுத்தால் சொல்லுங்கள், தம்பி பையன் டிப்ளமா முடித்துவிட்டுச் சும்மா இருக்கிறான் என்றார். பார்க்கலாம் என்று சொல்லி ஜாங்கிரியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டேன். இன்றைக்கு இந்த வேலை கிடைத்தால் அந்த வெள்ளையில் ஒரு வரி விழும். கிடைக்காவிட்டால் பொய் சொல்ல வேண்டும், அல்லது வெள்ளையாகவே விடவேண்டும். வெள்ளையைப் பார்த்தால் ஊர் என்னென்ன நினைக்கும், சஸ்பெண்ட் என்றுகூட நினைக்கும், நானே அப்படித்தான் நினைப்பேன்.

பச்சை துப்பட்டா போட்ட ஒரு பெண் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். கையில் துணிக்கடை பிளாஸ்டிக் பை, அதற்குள் காகிதங்கள். ஏழு நாற்காலி காலியாக இருக்கிறது, நேராக வந்து எனக்கு அடுத்ததில் உட்காருகிறாள். ஏன்? சரி, மின்விசிறி இங்கேதான் இருக்கிறது, அதனால் இருக்கலாம். இல்லை. ஏசி ஓடுகிறது. உட்கார்ந்ததும் வாசல் கேட் பக்கம் பார்த்தாள். செக்யூரிட்டி கூண்டு தெரிகிறது, அதன் அருகே வேப்பமர நிழலில் யாரோ நிற்கிறார்கள். ஒரு நிமிஷம் கழித்து மறுபடியும் பார்த்தாள், பிறகும் பார்த்தாள். யாரிடமிருந்து சைகை வரவேண்டும் இவளுக்கு? வரவேற்புப் பெண் இவளை உட்காரச் சொல்லவும் இல்லை, யார் என்று கேட்கவும் இல்லை, இருவருக்கும் முன்பே பழக்கம்போல. எனக்கு ராணியம்மாள் ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் கம்பெனியில் கூட்டிப் பெருக்குகிற ராணியம்மாள், நல்ல நடிகை, சினிமாவுக்குப் போயிருக்க வேண்டியவள். நல்ல புடவை கட்டிக்கொண்டு வரவேற்பறையில் வந்து உட்காரச் சொல்வேன், ஹெச்.ஆர். வேலை கேட்டு வந்தவனிடம் ஒரு குறையைச் சொல்லி யோசனை கேட்கச் சொல்வேன். சம்பளச் சீட்டு தரமாட்டேங்கிறாங்க சார், என்ன செய்யலாம் என்பாள், கண்ணில் தண்ணீர்கூட வரும். அவன் என்ன சொல்கிறான் என்பதுதான் பதினோராவது கட்டம், அது என் தலைசிறந்த கட்டம். தொழிலாளி பக்கம் சாய்ந்தால் நாளைக்கு நமக்குத் தலைவலி. எரிந்து விழுந்தால் அதுவும் ஆகாது, பெயர் கெடும். ‘உங்க ஹெச்.ஆர். கிட்டயே போய்க் கேளுங்கம்மா’ என்று பதமாகச் சொல்லி நழுவுகிறவனுக்குத்தான் மதிப்பெண். ஒரு பையன் வந்தான், சாமுவேல் தங்கதுரை, மார்த்தாண்டம் பக்கம். ராணியம்மாள் வாயைத் திறந்ததும் பேனாவை எடுத்து அவளுக்கு ஒரு மனுவே எழுதிக் கொடுத்துவிட்டான், சட்டப் பிரிவெல்லாம் போட்டு, அட்சரம் பிசகாமல். அன்றைக்கு வந்த ஒன்பது பேரில் அவன்தான் கெட்டிக்காரன். தொழிற்சங்க வாடை அடிக்கிறது என்று எழுதி அனுப்பிவிட்டேன். மனுவை ராணியம்மாள் பல நாள் பத்திரமாக வைத்திருந்தாள். ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்டதற்கு, எனக்காக யாரும் இப்படி எழுதினது இல்லீங்களே சார் என்றாள். அதை எதற்கு இப்போது நினைக்கிறேன்.

அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். தயங்கினாள், நன்றாகவே தயங்கினாள், ராணியம்மாளைவிடத் தேவலை. இங்கிலீஷில் இருக்கிறது, கொஞ்சம் படித்துச் சொல்ல முடியுமா என்று என்னிடம் கேட்டாள். வரவேற்புப் பெண் நிமிர்ந்தாள். ஆகா, வந்துவிட்டது. வாங்கிப் பார்த்தேன். ராஜினாமாக் கடிதம். வினோதினி, வயரிங் பிரிவு, ஆறு வருஷம். என் சொந்தக் காரணங்களுக்காக, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், முழுமனதோடும் தெளிந்த புத்தியோடும் விலகுகிறேன், கம்பெனிமேல் எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை. படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது, ஏனென்றால் அது என் வாசகம். தெளிந்த புத்தியோடும் என்பதை உயிலிலிருந்து எடுத்து இதில் சேர்த்தவன் நான்தான், பின்னால் வழக்கு வந்தால் நிற்கும் என்று. பிரிஞ்சிச் சாப்பாட்டுக்கு முன்னால் அறுபது பேருக்கும் கொடுத்த மாதிரிப் படிவங்களில் அது மூன்றாவது. ஆக இவர்கள் அன்றைக்கு வந்திருக்கிறார்கள், நான் கொடுத்த படிவப் பையை அப்படியே வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள், படிவமும் என்னுடையது, கட்டமும் என்னுடையது, என்னையே அதில் உட்காரவைத்துப் பார்க்கிறார்கள். இனிச் சந்தேகத்துக்கே இடமில்லை. என்ன தைரியம் பார். ஒருவேளை இந்தக் கம்பெனி எம்.டி. இப்போது காமிராவில் பார்த்துக்கொண்டிருக்கலாம். மேலே மூலையில் கறுப்பாக ஒரு உருண்டை இருக்கிறது. நான் முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.

அவள் தாழ்ந்த குரலில் சொன்னாள். பிரசவ லீவு முடிந்து இன்றைக்குத்தான் வருகிறாளாம். வந்தவளிடம் இதைக் கொடுத்து, கையெழுத்துப் போட்டுக் கொடு, அடுத்த வாரம் கான்ட்ராக்டில் புதுசாகச் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்களாம். போடலாமா சார் என்றாள். கதையையும் நன்றாகத்தான் கட்டியிருக்கிறார்கள், பிடிக்கிற இடத்தில் பிடித்திருக்கிறார்கள். பிரசவ லீவை முன்வைத்து ஒருத்தியை வேலையைவிட்டு அனுப்பக் கூடாது, நேரடியாக அனுப்ப முடியாததால்தான் அவள் கையாலேயே எழுதி வாங்குவது. கையெழுத்து விழுந்துவிட்டால் ஆறு வருஷமும் துடைத்ததுபோல் போய்விடும், கான்ட்ராக்டில் நேற்றுப் பிறந்தவள். இதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். போடாதீங்கம்மா என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அந்த மூச்சு நெஞ்சுவரைக்கும் வந்தது, சத்தியமாக வந்தது. அப்புறம் அந்தக் கறுப்பு உருண்டை, அப்புறம் பத்திரிகையில் அந்த வெள்ளை. உங்க ஹெச்.ஆர். கிட்டயே கேட்டுக்குங்கம்மா என்றேன், பதமாக. அவள் விடவில்லை. அவங்கதான் சார் போடச் சொல்றாங்க, நீங்க என்ன சொல்றீங்க என்றாள். ராணியம்மாள்கூட இரண்டாம் முறை கேட்க மாட்டாள். இவளுக்கு யார் பயிற்சி கொடுத்தது? என் முகத்தையே பார்க்கிறாள், நான் என்ன சொல்லப் போகிறேன் என்பதில் அவளுக்கு அப்படி ஒரு அக்கறை. நடிப்பு என்றால் இப்படித்தான் பார்க்க முடியும். சரி, நழுவினால் முழு மதிப்பெண் கிடையாது போலிருக்கிறது, இந்தக் கம்பெனிக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும் போலிருக்கிறது. அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், போட்டுடுங்க என்றேன். காமிராவுக்குக் கேட்கும்படியே சொன்னேன். என் பேனாவைக்கூடக் கொடுத்தேன். சரிங்க சார் என்று மடியில் பையை வைத்து, அதன்மேல் தாளை வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு தமிழில் நிதானமாக எழுதினாள், வினோதினி. எழுதி முடித்ததும் ஊதினாள், பால்பாயிண்ட் பேனா, காயவைக்க என்ன இருக்கிறது. ஊதினாள். எனக்கு அந்த ஊதல் பிடிக்கவில்லை. ராணியம்மாள் ஊதுவாளா? ஊதுவாள், சொல்லிக் கொடுத்தால் எதையும் செய்வாள். சொல்லிக் கொடுக்கத் தோன்ற வேண்டுமே ஒருவனுக்கு. எனக்கு அது தோன்றியிருக்காது.

பதினொன்று முப்பது. அவள் பேனாவை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தாள். எழுந்தபோது துப்பட்டா ஒரு பக்கம் சரிந்தது, நான் வேண்டுமென்று பார்க்கவில்லை, கண் பட்டுவிட்டது. மேல்சட்டையின் முன்பக்கம் இரண்டு இடத்தில் ஈரம். வட்டமாக, கரும்பச்சையாக, நனைந்து பரவிக்கொண்டிருந்தது. சட்டென்று இழுத்து மூடிக்கொண்டாள். தண்ணீர் சிந்திக்கொண்டாளா என்று முதலில் நினைத்தேன் பாருங்கள், அந்த நிமிஷத்திலும் என் புத்தி அப்படித்தான் போயிற்று, இதையும் ஏற்பாடு செய்திருப்பார்களோ என்று. அப்புறம் அந்த வாசனை வந்தது. லேசான புளிப்பும் இனிப்பும். வந்தனா பிறந்த வருஷம் எங்கள் வீடு முழுக்க, தலையணை உறை, மீனலோசனியின் புடவை, என் சட்டைத் தோள், எல்லாவற்றிலும் இருந்த வாசனை. எந்த எம்.டி.யும் எந்த ஹெச்.ஆரும் உட்கார்ந்து திட்டம் போட்டு ஒரு உடம்பில் பால் கட்டவைக்க முடியாது. கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிற்பது ஒரு வயதான பெண், இப்போதுதான் சரியாகப் பார்க்கிறேன், தோளில் வெள்ளைத் துணியில் சுற்றிய ஒன்றைப் போட்டுத் தட்டிக்கொண்டே இப்படியும் அப்படியும் நடக்கிறாள். நான் சைகை என்று நினைத்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், நான் பேயைப் பார்த்துப் பேனாவையும் நீட்டியிருக்கிறேன். சங்கக் கட்டடத்தில் அறுபது பேருக்குக் கொடுத்தேனே, அந்தப் படிவத்தை அவர்கள் என்னைச் சோதிக்க வைத்திருக்கவில்லை, அதை எதற்காகக் கொடுத்தேனோ அதற்குத்தான் வைத்திருக்கிறார்கள். அவள் கவுண்டருக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். ஐந்தாறு எட்டு தூரம்தான். எழுந்தேன். கையில் டீக் கப், எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை.

“அம்மா, அதக் குடுக்காதீங்க” என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன், காமிராவும் கேட்டிருக்கும், கேட்கட்டும்.

அவள் திரும்பினாள். “இப்பதானே சார் போடச் சொன்னீங்க.”

தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன். கையெழுத்துப் போட்டதுகூடப் பரவாயில்லை, கொடுத்தால்தான் கெடுதல், கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு போங்கள், வேலைக்கு வந்திருக்கிறேன் என்று மட்டும் எழுதிக் கொடுங்கள், தொழிலாளர் அலுவலகம் போங்கள், நானே எழுதித் தருகிறேன் என்று கடகடவென்று சொன்னேன். இத்தனை வருஷத்தில் ஒரு தொழிலாளியிடம் நான் இப்படிப் பேசியதே இல்லை. சாமுவேல் தங்கதுரையின் கையெழுத்து கண்முன் வந்தது, அட்சரம் பிசகாமல். நான் பேசப் பேச அவள் முகம் பூட்டிக்கொண்டே வந்தது. பிறகு மெல்லச் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு தெரியும், தேர்வில் தெரிந்த கேள்வி வந்துவிட்ட மாதிரி ஒரு சிரிப்பு.

“சார், நீங்க கம்பெனி ஆளுன்னு எனக்கு உள்ள வரும்போதே தெரியும். எங்க வயரிங் லைன்ல எல்லாருக்கும் தெரியும், இங்க ஒருத்தர ஒக்கார வெச்சு, நாம என்ன பேசறோம்னு பாப்பாங்கன்னு. போன மாசம் தேவகி இங்க ஒக்காந்து, போட மாட்டேன்னு பக்கத்துல இருந்தவருகிட்ட சொல்லி அழுதா. அவள கான்ட்ராக்ட்லகூட எடுக்கல. அதான் சார், உங்க பக்கத்துலயே வந்து ஒக்காந்து, உங்களயே கேட்டு, நீங்க சொன்னப்புறம் போட்டேன்.”

“நான் கம்பெனி ஆளு இல்லம்மா. நானும் வேலை கேட்டுத்தான் வந்திருக்கேன்.”

“சரிங்க சார்” என்றாள். வாதாடவில்லை. மறுபடியும் ஒரு முறை கேட் பக்கம் பார்த்துவிட்டு, தாளை இரண்டு கையாலும் கவுண்டரில் வைத்தாள். வரவேற்புப் பெண் அதைப் படிக்கக்கூட இல்லை. தேதி முத்திரையை எடுத்துக் குத்தினாள், தட்டில் போட்டாள், போட்டுவிட்டுத் தன் எழுத்தைத் தொடர்ந்தாள். நான் எட்டிப் பார்த்தேன். நீளமான கூரியர் நோட்டு. திருவள்ளூர், ஓசூர், புனே என்று வரிசையாக முகவரிகள், பக்கத்தில் எடை. காலையிலிருந்து அதைத்தான் எழுதியிருக்கிறாள். நோட்டுக்குக் கீழே வேறு தாள் எதுவும் இல்லை, கட்டமும் இல்லை. கவுண்டருக்குக் கீழே குப்பைத் தொட்டி இருந்தது. உள்ளே மீட்டிங் இழுத்துவிட்டது, ஸாரி சார் என்றாள் என்னிடம், அம்பலவாணன் சார்தானே, நீங்க போகலாம், வலது பக்கம் இரண்டாவது ரூம். நாற்பது நிமிஷமும் இல்லை, எழுபதும் இல்லை, மீட்டிங் இழுத்துவிட்டது, அவ்வளவுதான். தட்டில் அந்தத் தாள் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது, முத்திரையின் மை இன்னும் பளபளத்தது. எடுத்துக் கிழித்தால் என்ன? அவளே விடமாட்டாள், கம்பெனி ஆள் இன்னும் சோதிக்கிறான் என்று பிடுங்கித் திருப்பி வைப்பாள். நான் இரண்டாவது ரூம் பக்கம் திரும்பினேன். என் பெயரைச் சொல்லி உள்ளே கூப்பிட்டதை அவளும் கேட்டிருக்கிறாள், அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும் அவளுக்கு. பின்னாலேயே இரண்டு எட்டு வந்தாள்.

“சார், நான் வம்பு பண்ற ஆளு இல்லன்னு உள்ள ஒரு வார்த்த சொல்லிடுங்க சார். மறுபடியும் லைன்ல போட்டாங்கன்னா போதும்.”

இல்லை என்று சொன்னால் அவள் இங்கேயே நிற்பாள், சட்டை இன்னும் நனையும், மரத்தடியில் குழந்தை அழும், நான் திரும்பி வரும்வரை நின்று மறுபடியும் கேட்பாள். உண்மையை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாயிற்று. என் வாயிலிருந்து வருகிற உண்மைக்கு இங்கே விலை இல்லை, அதற்கு நானே ஏற்பாடு செய்து வைத்திருக்கிறேன்.

“சொல்றேம்மா” என்றேன்.

அதை நம்பினாள். முகம் முழுக்க மலர்ந்து என்னைப் பார்த்துக் கும்பிட்டாள், துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டு கேட்டைப் பார்த்து ஓடினாள்.